அமுத்தீட்டனுங்க!

போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் ஒரு மர்மம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எங்கிருந்தோ 'கீக்... கீக்...' என்று ஒரு சத்தம். மூன்றாவது மாடிக்காரர் "ஏதோ பறவைங்க" என்றார். இரண்டாவது மாடி அம்மா, "உங்க ஊட்டு இன்வெர்ட்டரான்னு பாருங்க" என்று மேல்மாடியைக் குத்தினார். மேல்மாடி பதிலுக்குக் கீழ்மாடியின் மிக்ஸியை இழுத்தது. மூன்று நாளில் பறவை பறந்துபோய், பழைய தண்ணீர்த் தொட்டிச் சண்டை மறுபடி ஆரம்பமாகிவிட்டது.

எனக்கு மட்டும் முதல் 'கீக்'கிலேயே தெரிந்துவிட்டது. சில பேருக்குப் பழைய காதலியின் குரலை எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் அடையாளம் தெரியுமாமே, அந்த மாதிரி. (என் பழைய காதலி பேசினதே இல்லை என்பது வேறு விஷயம்.)

கட்டின லுங்கியோடு கீழே இறங்கினேன். லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பாக ஒரு பெட்டி. ஃபயர் அலாரம் பேனல். அதில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வரும் சின்ன ஓட்டையில் பஞ்சை அடைத்து, மேலே செலோ டேப் ஒட்டியிருந்தார்கள். கோயமுத்தூர் அல்லவா, எல்லாவற்றுக்கும் கைவசம் பஞ்சுதான்!

என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் தம்பி சேரிலிருந்து எழுந்து, ஏதோ சாதித்துவிட்ட சந்தோஷத்தோடு சொன்னான்:

"அமுத்தீட்டனுங் சார்! இனிமே சத்தமே வராதுங்க."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எனக்கு ஏன் வயிற்றைப் பிசைந்தது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

*

2012. பி.காம். முடித்து மூன்று வருஷம். பேங்க் பரீட்சைகள் எழுதி எழுதி, கேள்வித்தாளுக்கே என்னைப் பார்த்துச் சலித்துப் போயிருந்த நேரம். காந்திபுரத்தில் ஒரு கம்பெனியில் 'மானிட்டரிங் ஆபரேட்டர்' வேலை கிடைத்தது. சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறு. நைட் ஷிப்ட். டீ ஃப்ரீ.

ஊரில் அப்பா கேட்டார். "என்ன வேலை கண்ணு?"

"ஃபயர் அலாரம் பாக்கற வேலைங்ப்பா."

"தீப் புடிச்சா நீ போய் அணைக்கோணுமா?"

"இல்லீங்ப்பா. போன் பண்ணிச் சொல்லோணும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அதுக்கு எதுக்கு பி.காம்.?"

இன்று வரை பதில் தெரியாத கேள்வி.

வேலை இதுதான். மில், குடோன், நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று 300 சொச்சம் இடங்களில் இருக்கும் அலாரம் பேனல்கள் எங்கள் கம்ப்யூட்டரோடு போன் லைன் மூலமோ சிம் கார்டு மூலமோ பேசும். பேச்சு என்றால் சும்மா மூன்று இலக்க எண்தான். 110 என்றால் தீ. 301 என்றால் மெயின் கரன்ட் போச்சு. 302 என்றால் பாட்டரி வீக். 373 என்றால் தீயைக் கண்டுபிடிக்கிற வயரிங்கிலேயே கோளாறு. 602 என்றால் 'நான் உயிரோடதான் இருக்கேன்' என்று பேனல் தினமும் ஒரு தரம் சொல்லும் செய்தி. ஹாஸ்டலுக்குப் போன பையன் ராத்திரி வீட்டுக்குக் கொடுக்கும் மிஸ்டு கால் மாதிரி. அது வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வராவிட்டால்தான் விஷயம்.

உலகம் முழுக்க இந்தத் தொழிலில் சிக்னல்களை மூன்று ஜாதியாகப் பிரிக்கிறார்கள். முதலாவது அலாரம்: தீ அல்லது புகை. இரண்டாவது சூப்பர்வைசரி: தீயை அணைக்க வேண்டிய ஸ்பிரிங்க்ளர் குழாயின் வால்வை எந்தப் புண்ணியவானோ மூடிவிட்டுப் போயிருக்கிறான் என்கிற மாதிரிச் செய்தி. மூன்றாவது டிரபிள்: அலாரத்துக்கே காய்ச்சல். பேனலில் பெரும்பாலும் சிவப்பு விளக்கு என்றால் தீ, மஞ்சள் என்றால் கோளாறு.

சினிமாவில் எல்லாம் சிவப்பைத்தான் காட்டுவார்கள். நிஜத்தில் நான் வேலை பார்த்த பத்து மாதத்தில் உண்மையான சிவப்பைப் பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தரம்தான். மற்றபடி ராத்திரி பூராவும் மஞ்சள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். கல்யாண வீடு தோற்றுவிடும்.

பேனலுக்குத் தன் உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரியும்? ரொம்ப எளிமையான தந்திரம். ஒவ்வொரு வயர் வரிசையின் கடைசியிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக எந்நேரமும் கொஞ்சூண்டு கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். எலி வயரைக் கடித்தால் அந்தக் கரன்ட் நின்றுவிடும். உடனே பேனல் 'கீக்' என்கும். அதாவது தீ இல்லாத நேரத்திலும் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று வயர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வதை நிறுத்தினால் அதுவே புகார்.

மஞ்சள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். கஸ்டமர் கொடுத்த லிஸ்ட்டில் முதல் நம்பருக்குப் போன். எடுக்காவிட்டால் இரண்டாவது, மூன்றாவது. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று பதிவு. சர்வீஸ் ஆளுக்கு ஒரு டிக்கெட். அப்புறம் முக்கியமான விஷயம்: கோளாறு சரியானதும் பேனல் தானாகவே 'ரெஸ்டோர்' என்று இன்னொரு சிக்னல் அனுப்பும். அது வந்தால்தான் அந்தக் கேஸை மூட வேண்டும். போனை எடுத்து யாராவது 'சரிங்க' என்று சொன்னதற்காக மூடக் கூடாது.

அந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் வசதியாக மறந்தோம்.

*

2012-ல் கோவையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சென்னை தப்பித்தது. மற்ற ஊர்களிலெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூடக் கரன்ட் இருக்காது. மில்காரர்கள் டீசலுக்கு அழுதார்கள். லேத் வைத்திருந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து தாயம் ஆடினார்கள்.

எங்கள் ஸ்கிரீனில் 301 மழையாகக் கொட்டியது. போகும்போது ஒன்று, வரும்போது ஒரு ரெஸ்டோர். 300 இடத்துக்கும் இப்படி. அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 72 என்று ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. கரன்ட் போன செய்தியை உடனே அனுப்பாமல் ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் பொறுத்து அனுப்பச் சொல்கிறது. ஒரே நேரத்தில் ஊர் பூராவும் கரன்ட் போனால் மானிட்டரிங் ரூம் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் பேனல்களில் அந்தத் தாமதத்தை யாரும் வைக்கவில்லை. நாங்கள் மூழ்கினோம்.

301-ஆவது தேவலாம். அடுத்து வந்தது 302. பேனலுக்குள் செங்கல் மாதிரி இரண்டு பாட்டரி இருக்கும். கரன்ட் போனால் ஒரு நாளாவது தாக்குப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் முழுசாகச் சார்ஜ் ஆக நேரமே கொடுக்காமல் தினமும் காலி செய்துகொண்டிருந்தால்? அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு முழு வேலை செய்கிறவன் கதைதான். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

சூலூர்ப் பக்கம் ஒரு பஞ்சுக் குடோன். தினமும் ராத்திரி இரண்டு மணி வாக்கில் அங்கிருந்து ஒரு 302 வரும். நான் போன் பண்ணுவேன். வாட்ச்மேன் எடுப்பார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும்.

"ஐயா, பாட்டரி வீக்குன்னு வருதுங்க."

"ஆமாங் தம்பி, மஞ்ச லைட்டு எரியுதுங்க. கீ கீன்னு நெம்ப சத்தம் போடுதுங்க."

"சைலன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும், அமுத்துங்க."

"இருங்க... அமுத்தீட்டனுங்க."

நான் 'வாட்ச்மேனிடம் தெரிவிக்கப்பட்டது' என்று டைப் அடிப்பேன். அவ்வளவுதான். சைலன்ஸ் பட்டன் சத்தத்தை நிறுத்தும், கோளாறை நிறுத்தாது. அது எனக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அந்த ராத்திரி நேரத்தில் சத்தம் நின்றுவிட்டால், பிரச்னையே தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி இருக்கிறது பாருங்கள்!

இப்படிப் பத்தொன்பது ராத்திரி. பத்தாவது ராத்திரிக்குள் நாங்கள் சிநேகிதர்கள். "சாப்டீங்களா தம்பி?" என்பார். பேத்திக்குக் காது குத்து என்பார். ஒரு நாள் நான் கொஞ்சம் லேட்டாகக் கூப்பிட்டதற்கு "ஏனுங், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று விசாரித்தார். என் நம்பரைத் தன் பட்டன் போனில் பையனிடம் சொல்லிப் பதிந்து வைத்திருந்தார். இரண்டாம் நம்பரை அமுக்கிப் பிடித்தால் எனக்கு வரும்.

சர்வீஸ் ஆள் ஒரு தரம் போய்ப் பார்த்தார். பாட்டரி இரண்டும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சில ஆயிரம் ரூபாய் சமாசாரம். மில்லே பாதி நாள் ஓடாத காலம். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றது அந்தப் பக்கம். இந்தப் பக்கமோ மெயின்டனன்ஸ் பில் பாக்கி. எங்களுக்கும் அவசரம் இல்லை.

இருபதாவது ராத்திரி, எங்கள் சூப்பர்வைசர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "தெனமும் இதே ரோதனையா இருக்குதப்பா. டெஸ்ட்ல போட்டுரு."

'டெஸ்ட்' என்பது, சர்வீஸ் ஆள் நேரில் போய்ச் சோதித்துப் பார்க்கும்போது, பொய் அலாரம் வந்து நாங்கள் பதறாமல் இருக்க வைத்திருக்கும் வசதி. அதில் போட்டால் அந்த இடத்திலிருந்து எது வந்தாலும் ஸ்கிரீனில் மேலே வராது. எத்தனை நேரத்துக்கு என்று கேட்கும். இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும்.

நான் 30 நாள் என்று அடித்தேன்.

காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். டிரயல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சமம் என்று கோடு இழுத்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். தப்பு எங்கேயும் போயிருக்காது. புத்தகத்துக்குள்ளேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும்.

*

அதிலிருந்து நாலாவது ராத்திரி. மூன்று மணி இருபது நிமிஷம். என் மொபைல் அடித்தது.

"தம்பி, நாந்தானுங்க. நாலு நாளாப் போனே காணமுங்களே... அதில்லீங்க. இன்னைக்கி மஞ்ச லைட்டே இல்லீங்க. எந்த லைட்டுமே இல்லீங்க. ஆனா குடோன் பக்கம் தீஞ்ச வாசம் வருதுங்க. உங்களுக்கு ஏதாச்சும் சிக்னல் வந்துதுங்களா?"

ஸ்கிரீனைப் பார்த்தேன். அந்த இடத்தின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. 'எதுவும் வரலீங்க' என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது பொய்யும் இல்லை. எதுவும் வரவில்லைதான். கரன்ட் இல்லை, பாட்டரி செத்துவிட்டது, பேனல் இரண்டு நாளாக 602 கூட அனுப்பவில்லை. மிஸ்டு கால் வராததைக் கவனித்துச் சொல்ல வேண்டிய கம்ப்யூட்டரின் வாயையும் நானேதான் கட்டிப் போட்டிருந்தேன்.

101-க்கு அடித்தேன். விலாசம் பார்க்க ஃபைலைத் தேட வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது ராத்திரியில் மனப்பாடமாகியிருந்தது.

பஞ்சில் தீ சினிமாத் தீ மாதிரி உடனே எரிவதில்லை. இறுக்கிக் கட்டின பேலுக்குள் ஒரு பொறி மாட்டிக்கொண்டால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே மணிக்கணக்கில், ஏன், நாள் கணக்கில்கூடக் கனன்றுகொண்டிருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் என்றார்கள். வண்டி வந்து விடிய விடியத் தண்ணீர் அடித்தார்கள். எத்தனை பேல் போச்சு என்பது இன்ஷூரன்ஸ்காரர்கள் கணக்கு. என் கணக்கில் ஒன்றுதான்: ஷட்டரைத் தூக்கிவிடப் போன பெரியவருக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டது.

மறுநாள் விசாரணை. அன்றைய ராத்திரிப் பதிவைக் கேட்டார்கள். "அந்த ஒரு நாளுது மட்டும் பிரின்ட் போடு, போதும்" என்றார் சூப்பர்வைசர். போட்டேன். ஒரே ஒரு தாள். அதில் ஒன்றுமே இல்லை. அதற்கு முந்தைய பத்தொன்பது நாளின் பத்தொன்பது வரிகள் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. 'வாட்ச்மேனிடம் தெரிவிக்கப்பட்டது' என்றால் வாட்ச்மேன் முழித்திருந்தார் என்று அர்த்தம். ஒவ்வொரு ராத்திரியும் முழித்திருந்தார்.

"வாட்ச்மேன் தூங்கீட்டார் போலிருக்குது" என்று யாரோ சொன்னார்கள். அது அப்படியே நிலைத்தது. பெரியவருக்கு வேலை போனது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் சம்பளம், நைட் ஷிப்ட், டீ ஃப்ரீ.

*

மூன்று மாதத்தில் அந்த வேலையை விட்டேன். அப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குற்றம் செய்தவன் சட்டப் புத்தகம் படிக்கிற மாதிரி.

1997 ஜூன் 13. டெல்லி உபகார் தியேட்டர். தரைத்தளத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் அன்று காலையிலேயே தீப்பிடித்தது. அணைத்துவிட்டு, அவசர அவசரமாக ஒட்டுப் போட்டு, மறுபடி கரன்ட் கொடுத்தார்கள். மேட்னி ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதே டிரான்ஸ்ஃபார்மர். புகையில் 59 பேர் போனார்கள். காலையில் வந்தது என்ன? மஞ்சள் விளக்கு!

2000 ஜனவரி 19. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் ஸீட்டன் ஹால் பல்கலைக்கழக ஹாஸ்டல். விடியற்காலையில் அலாரம் அடித்தது. அடித்தும் நிறையப் பையன்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். காரணம், அதற்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் 18 பொய் அலாரங்கள். அன்றைக்கு வந்தது நிஜம். மூன்று மாணவர்கள் இறந்து போனார்கள். மெஷின் தன் வேலையைச் செய்தது. அதை நம்பக்கூடாது என்று மனிதர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

அதே அமெரிக்க விதிகளில் இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டடத்தின் ஃபயர் அலாரம் ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவில்லை என்றால், ஆட்களை வெளியேற்ற வேண்டும். அல்லது அது சரியாகும் வரை ஒரு ஆளைப் போட்டு, சுற்றிச் சுற்றி வந்து மூக்கால் காவல் காக்கச் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு அவர்கள் 'ஃபயர் வாட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. அந்த வேலையைத்தான் சூலூரில் ஒருவர் யாரும் சொல்லாமலே செய்தார். செய்ததற்கு 'தூங்கிட்டார்' என்று பெயர் வாங்கினார்.

இரண்டு வருஷம் கழித்து அவரைச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பேக்கரியில் பார்த்தேன். முகம் தெரியாது, குரல் தெரிந்தது. டீ கிளாஸை விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவருக்கு அத்தனை சந்தோஷம். "அன்னைக்கி நீங்க போனை எடுத்தீங்க பாருங்க, அதனால பொழச்சுதுங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

'அவர் என்னை மன்னித்தார்' என்று எழுதினால் கட்டுரை ஜோராக முடியும். அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டிய விஷயமே அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வரியைப் பற்றி அன்றைக்கும் நான் சொல்லவில்லை. இதோ, இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

*

அபார்ட்மென்ட்டுக்கு வருவோம். செலோ டேப்பைக் கிழித்துப் பஞ்சைப் பிடுங்கினேன். 'கீக்... கீக்...' மறுநாள் காலை அசோசியேஷன் செக்ரட்டரியிடம் போனேன். ரிட்டையர்ட் பேங்க் ஆபீசர். சாவகாசமாகக் கேட்டார்.

"அது ஃபயர் சிக்னல் இல்லீங்களே? வெறும் ஃபால்ட்டுதானுங்களே?"

"வெறும் ஃபால்ட்டுதானுங் சார். தீ வந்தா சொல்லறதுக்கு ஆளில்லைன்னு சொல்லுது."

பாட்டரி நாலு வருஷப் பழசு. நானே போய் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். டெக்னீஷியன் வந்து மாட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. வாட்ச்மேன் தம்பியைக் கூப்பிட்டு, "மஞ்ச எரிஞ்சா அமுத்து, வேண்டாங்கலை. அமுத்தின கையோட எனக்குப் போன் பண்ணோணும். நான் எடுக்கலீன்னா செக்ரட்டரிக்கு. மறுபடி பச்சை மட்டும் எரியற வரைக்கும் தெனமும் பண்ணோணும்" என்று சொல்லி, என் நம்பரை அவன் போனில் நானே பதிந்து கொடுத்தேன்.

உங்களிடமும் ஒன்று கேட்பேன். நாளைக்கு ஆபீஸுக்குப் போனதும் ரிசப்ஷன் பக்கமோ மாடிப்படி பக்கமோ சுவரில் அந்தச் சிவப்புப் பெட்டி இருக்கும். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பச்சை மட்டும் எரிந்தால் டீ சாப்பிடப் போங்கள். மஞ்சள் எரிந்தால், எத்தனை நாளாக எரிகிறது என்று செக்யூரிட்டியைக் கேளுங்கள். 'அது எப்பவுமே அப்படித்தானுங் சார்' என்று பதில் வந்தால், அட்மின் ஆபீசருக்கு ஒரு மெயில் தட்டுங்கள். இன்னொன்று: மணி அடித்தால் தீயணைப்பு வண்டி தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் கட்டடங்களில் பெரும்பாலும் யாராவது ஒருவர் போனை எடுத்து 101 அல்லது 112 அடித்தாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

பில்லை செக்ரட்டரியிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதை எந்த ஹெட்ல போடறதுங்க? ரிப்பேர்லயும் வராது, சில்லறைச் செலவுலயும் வராது. இப்போதைக்கு சஸ்பென்ஸ்ல போட்டு வெக்கட்டுங்களா?"

"சார்," என்றேன், "வேண்டாங் சார். வேணும்னா எனக்குப் பணமே வேண்டாங்க. சஸ்பென்ஸ்ல மட்டும் போட்றாதீங்க!"